தலைக்கு ஒரு பணம்

தலைக்கு ஒரு பணம் என்றார் முசே புவாசார்.
மாட்டுக்கு அரை.
கோழி, கூடை, குடம் எல்லாம் சும்மா.
ஈ வேண்டாம்.
புண் பிடித்த நாய் வேண்டாம்.
கப்பலேறிப் போகிற படம், நாறக் கூடாது.

பாகூர்ச் சந்தையில் செவ்வாய்க்கிழமை
தலைக்கா பஞ்சம்?
உப்பு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து
பதினேழு பொறுக்கினேன்.
வெற்றிலைக்காரன், அவனைத் தேடி வந்த கடன்காரன்,
வளையல் செட்டி,
எந்த வளையலுக்குள்ளும் நுழையாத கையை
அவனிடம் நீட்டியிருந்த ஒருத்தி,
முழங்கைவரை அவுரி ஏறிய சாயக்காரர் இருவர்,
மாட்டை விற்க வந்து
மாட்டின் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனவன்
(தூங்கினாலும் தலை தலைதானே).

வீட்டுக்கு வந்து வேலம்பிசின் ஊறவைத்தேன்.
ஒரு கொட்டாங்கச்சியில் அவுரி,
இன்னொன்றில் அரிதாரம்.
முசே கொடுத்த சீமைக் காகிதத்தை
வெயிலுக்கு நேரே பிடித்தால்
உள்ளே ஒரு திராட்சைக்குலை தெரியும்.
அதற்கு யார் என்ன கொடுத்தார்களோ.

பதினேழாவது தலை
வீராம்பட்டினத்துச் செங்கழனி, கருவாட்டுக்காரி.
நெத்திலி வாங்கிய வகையில்
அவளுக்கு நான் மூன்று துட்டு பாக்கி.
அதனால் கொஞ்சம் அழகாகவே போட்டேன்.
வலக்கையில் தராசு,
இடக்கை காதோரம் உயர்ந்து
காக்கை விரட்டுகிறது.
தராசுக்கோலை மட்டும் சற்றே சாய்த்தேன்.
நேராகப் போட்டால் கோடு செத்துக் கிடக்கும்;
சாய்ந்தால்தான் கண் அங்கே போகும்.

அடுத்த செவ்வாய்
ஒரு சேலையின் சிவப்பைச் சரிபார்க்கப்
படத்தைச் சந்தைக்கே எடுத்துப்போனேன்.
கண் அங்கே போயிற்று.
அவள் கண்.

"இது யாரு?"
நீதான்.
"மூக்கு என்னுதில்ல, போவட்டும்.
கல்லுத் தட்டு ஏன் தாழ்ந்து கெடக்கு?
நான் என்ன எடை அடிக்கிறவளா?
இந்தக் காயிதம் எத்தினி நாளு இருக்கும்?"
கரையான் தொடாவிட்டால் நூறு வருஷம் என்றேன்,
கொஞ்சம் பெருமையாக.
"அப்போ நூறு வருசமும் நான் திருடி."

காய்ந்த நீர்வண்ணத்தோடு
பேரம் பேச முடியாது.
மீன் தட்டில் ஒரு வாளைக் கருவாடு கூட்டினேன்,
வால் வெளியே தொங்கும்படி.
"இவ்ளோ மீன் போட்டும் கல்லே கனக்குதே!
மொதல்ல திருடி, இப்போ ஏமாளியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
எவளுக்கோ நிறுக்கத் தொடங்கினாள்.
கல்லை இட்டாள், தட்டு இறங்கியது.
மறு தட்டில் கருவாட்டை வைத்தாள்,
வைத்த கையை எடுக்கவில்லை.
அப்படியே என்னைப் பார்த்தாள்.
"இதப் போடு.
நான் இன்னும் வுடல."

விட்டால்தானே எடை.

இரவு விளக்கில் இடக்கையை இறக்கி
வாளையின் முதுகில் வைத்தேன்.
காக்கை விரட்டிய பழைய கை
காதோரம் அப்படியே நின்றது.
மூன்று கை கருவாட்டுக்காரிக்கு ஆகாது;
அதெல்லாம் கோயிலில் இருக்கும்
அவள் பெயர்க்காரிக்கு.
சங்குப்பொடி வெள்ளையைக் குழைத்து
ஐந்து விரலும் அடங்க
கெட்டியாகவே மூடினேன்.

புதுச்சேரியில் முசே தலைகளை எண்ணினார்.
பதினேழு, சரி.
மாடு ஒன்று, சரி.
காதோர வெள்ளையில் நகத்தை வைத்து
இது என்ன என்றார்.
கொக்கு, முசே.
சந்தையிலா?
கருவாட்டுக்கு வரும், முசே.
கொக்குக்குக் காசு கிடையாது என்றார்.
நான் கேட்கவே இல்லை.

பதினேழரைப் பணம் மடியில் கனக்க
மறு செவ்வாய் பாகூருக்குப் போய்
மூன்று துட்டை அவள் கூடைமேல் வைத்தேன்.

எண்ணினாள்.
இன்னொரு முறை எண்ணினாள்.
கையை மூடவில்லை.
"இன்னும் ஒரு துட்டு வரணும்," என்றாள்,
"அந்த வாளைக்கு."